பொடக்காளியில் பட்டறை, தொட்டிலில் இரட்டையர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைக்கு மேற்கே, ஊர் முடிந்து தோட்டங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் வீடு. பகலில் பம்பு மோட்டாருக்கு வரைபடம் போடுகிற வேலை, மிச்ச நேரத்தில் மரவேலை. பொடக்காளியில் (வீட்டுப் பின்பக்கத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) ஒரு பெரிய பட்டறை போடுவது பல வருட ஆசை. கயிறு பிடித்து அளவு போட்ட அதே தை மாதத்தில்தான் ஸ்கேனில் இரண்டு இதயத் துடிப்பு தெரிந்தது. பட்டறையும் எழும்பியது, பிள்ளைகளும் வந்தார்கள். அதிலிருந்து சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், மரவேலை பழகும் தம்பிகள் என்று யார் வந்தாலும் கேட்பது திரும்பத் திரும்ப இதே கேள்விகள்தான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிவைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. குழந்தை விஷயத்தில் உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அதைத்தான் கேட்க வேண்டும்.

ரெட்டைன்னு தெரிஞ்ச பின்னாடியும் பட்டறை வேலையை ஆரம்பிக்கலாமுங்களா? இல்ல ஒரு வருசம் தள்ளிப் போட்டறலாமா?

ஆரம்பிக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. எந்தக் கட்டத்தில் நின்றாலும் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடக்கூடிய மாதிரி வேலையைத் துண்டு போட வேண்டும். தளம் போட்டாச்சா, அதோடு நிறுத்தலாம். தூண், ட்ரஸ் (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம்), சீட் எல்லாம் ஏறி ஷட்டரும் மாட்டியாச்சா, அதோடும் நிறுத்தலாம். ட்ரஸ் பாதி வெல்டிங்கில் தொங்க, கம்பி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும்போது வலி வந்தால்தான் வம்பு.

இந்த நிறுத்தங்களை முதலிலேயே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். “எங்கே நின்றாலும் அதுவரைக்கும் உண்டான கணக்கை முடித்துவிடுவோம்” என்று பேசிக்கொண்டதால் பின்னால் மனஸ்தாபம் வரவில்லை. தள்ளிப்போட்டால் நிம்மதி என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு வயது இரட்டையர் ஓடும் வீட்டில் கம்பியையும் ஜல்லியையும் கொட்டிவைப்பது கர்ப்ப காலத்தில் கொட்டுவதைவிடக் கஷ்டம்.

டெலிவரிக்கு இன்னும் ஏழு மாசம் இருக்குதுங்க. அதுக்குள்ள முடிச்சறலாமல்ல?

ஏழு மாதம் என்று எண்ணாதீர்கள். இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரம் முடியும் முன்பே பிறக்கிறார்கள். எந்தச் சிக்கலும் இல்லையென்றாலும், தனித்தனி நஞ்சுக்கொடி உள்ள இரட்டையருக்கு 37, 38வது வாரத்திலேயே பிரசவத்தைத் திட்டமிடுவது வழக்கம். ஒரே நஞ்சுக்கொடி என்றால் இன்னும் முன்னால்.

நான் 32வது வாரத்தைக் கடைசி நாளாக வைத்துக்கொண்டேன். இடிப்பு, கான்கிரீட், வெல்டிங், துளை போடுவது என்று தூசியும் சத்தமும் உள்ள வேலையெல்லாம் அதற்குள். எங்களுக்கு அது வைகாசியில் வந்தது. மாசியில் தளம், சித்திரையில் கூரை, வைகாசியில் கரண்ட். ஆனியில் மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்க ஆரம்பித்தால் சீட்டை மேலே தூக்கவே முடியாது என்பதால், காற்றுக்குப் பயந்து வைத்த தேதியும் பிள்ளைகளுக்குப் பயந்து வைத்த தேதியும் ஒன்றாகிவிட்டன.

மாசமா இருக்கறவ வூட்டுல கட்டட வேலை செய்யக் கூடாதுன்னு அத்தை சொல்றாங்க. என்ன பண்றது?

இதைக் கேட்காதவர்களே இல்லை. எங்கள் அமுச்சியும் (அம்மாவின் அம்மா) சொன்னார்: “வயித்துப்புள்ளக்காரி இருக்கற வூட்டுல நெலவு வெக்கறதாகாது.” நிலவு என்றால் வாசக்கால், நிலை. நான் வாதாடவில்லை. பட்டறைக்கு மரநிலையே கிடையாது, இரும்பு ஷட்டர்தான் என்று காட்டினேன். அமுச்சி சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அப்ப அது வூடில்ல, கொட்டாயி. கொட்டாய்க்குச் சாஸ்திரமில்ல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பேச்சில் ஒரு நடைமுறை நியாயமும் இருக்கிறது. கட்டட வேலை என்றால் தோண்டிய குழி, வழுக்கும் தரை, சிமெண்டு தூசி, பத்துப் பேருக்கு டீ. வயிற்றில் இரண்டு பேரைச் சுமக்கிறவர் இதில் எதற்கும் பொறுப்பாக இருக்கக் கூடாது. வேலையாட்கள் வந்து போக வீட்டுக்குள் நுழையாத தனி வழியும், டீக்கு முக்குக் கடையில் கணக்கும் முதல் நாளே ஏற்பாடு செய்தேன்.

பெரிய பட்டறைன்னா எவ்வளவு பெருசு இருந்தா போதும்?

எட்டுக்கு நாலு பிளைவுட்டை நீளவாக்கில் அறுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேடுக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி, நடுவில் மிஷின் மேசை. அங்கேயே இருபதடி போய்விட்டது. உயரத்துக்கும் அதே பலகையைத்தான் கேட்க வேண்டும். செங்குத்தாக நிறுத்தித் திருப்பினால் மூலைக்கு மூலை கிட்டத்தட்ட ஒன்பதடி. அதற்கு மேல் லைட்டும் தூசிக் குழாயும் போக வேண்டும். அதனால் பக்கச் சுவர் 12 அடி வைத்தேன்.

மொத்தம் 22க்கு 40 போட்டேன், 880 சதுர அடி. உண்மையைச் சொன்னால் 30 அடி நீளமே போதும். மிச்சப் பத்தடி ஒரு சபலத்தில் போட்டது. ஆனால் பிள்ளைகள் பிறந்த பிறகு அந்தப் பத்தடிதான் என்னைக் காப்பாற்றியது. அங்கே ஒரு தடுப்பு வைத்து, மிஷின் எதுவும் இல்லாத கைவேலை அறை ஆக்கினேன். ஒரு பெஞ்சு, இழைப்புளி, உளி, கைரம்பம். ராத்திரி பத்து மணிக்கும் அங்கே வேலை செய்யலாம், தேக்கில் இழைப்புளி ஓடும் சத்தத்துக்கு எந்தக் குழந்தையும் எழுந்துகொள்ளாது.

வீட்டுலருந்து எவ்வளவு தள்ளிக் கட்டணும்?

இடம் விடுகிற வரைக்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். எங்களுக்கு 50 அடி கிடைத்தது. தூரத்தைவிட முக்கியம் திசை. எங்கள் ஊரில் வருடத்தில் பல மாதம் மேல்காற்று. பட்டறை வீட்டுக்கு மேற்கே இருந்தால் தூசி, வார்னிஷ் நாற்றம் எல்லாம் நேராகத் தொட்டிலுக்கு வந்து சேரும். கிழக்கே போட்டேன். ஷட்டரும் எக்ஸாஸ்ட் ஃபேனும் வீட்டுக்கு முதுகு காட்டி நிற்கின்றன. உங்கள் ஊரில் காற்று எங்கிருந்து வருகிறது என்று பக்கத்துத் தோட்டக்காரரைக் கேளுங்கள், சொல்லிவிடுவார்.

ஷெட்டுதானே, இதுக்கெல்லாம் அனுமதி வேணுமா?

வேண்டும். சீட் போட்டாலும் அது கட்டடம்தான். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இருக்கின்றன. எல்லைச் சுவரிலிருந்து எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். வரைபடம் போடுகிற லைசென்ஸ் பொறியாளரிடம் “சொந்த உபயோகத்துக்கு, வியாபாரம் இல்லை” என்று முதலிலேயே சொல்லுங்கள். பிரசவத் தேதி நெருங்கும்போது நோட்டீசுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க உங்களுக்கு நேரம் இருக்காது.

தளம் போட்டா எத்தனை நாள் தண்ணி விடணும்? நாங்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையறோம்.

இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் பிபிசி (நிலக்கரிச் சாம்பல் கலந்த) சிமெண்டு. அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும், வெயில் காலம் என்றால் 14 நாள் விடுங்கள். ஓரத்தில் மண் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்கிவிட்டால் காலையும் மாலையும் ஒரு முறை பார்த்தால் போதும். கனமான மிஷினைத் தரையில் போல்ட் அடிக்க 28 நாள் காத்திருக்க வேண்டும்.

கான்கிரீட்டுக்கு அடியில் கனமான பிளாஸ்டிக் ஷீட் விரிக்க மறக்காதீர்கள். மண்ணின் ஈரம் மேலே ஏறினால் ரம்ப மேசை துருப்பிடிக்கும், பலகை வளையும். கொத்தனார் “எதுக்குங்க சார் இது” என்று கேட்பார். சிரித்துக்கொண்டே விரிக்கச் சொல்லுங்கள்.

கரண்ட் எப்படி? வீட்டு லைன்லயே கொடுத்துக்கலாமா?

மிஷின்களின் குதிரைத் திறனைக் கூட்டிப் பாருங்கள். ஒரு குதிரைத் திறன் (எச்பி) 746 வாட். 3 எச்பி டேபிள் சாவும் (மேசை ரம்பம்) 2 எச்பி தூசி உறிஞ்சியும் எப்போதும் சேர்ந்துதான் ஓடும், அதுவே 3.7 கிலோவாட். மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் இழுக்கும் ஆம்பியர், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. அந்த நொடியில் வீட்டில் விளக்கு மங்கும், பால் புட்டி ஸ்டெரிலைசர் நின்று போகும். மெயின் போர்டிலிருந்து பட்டறைக்குத் தனி கேபிள், தனி எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்), தனி எர்த். லோடு அதிகமானால் மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்து லோடை ஏற்றிக்கொள்ளுங்கள், த்ரீ பேஸ் என்றால் இன்னும் நல்லது.

சொந்த உபயோகம் என்றால் வீட்டுக் கட்டணம். பொருள் செய்து விற்க ஆரம்பித்தால் கட்டணப் பிரிவை மாற்ற வேண்டும். இன்னொன்று: இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண ஸ்லாப்பே மாறிவிடும். பிள்ளை பிறந்த வீட்டில் வாஷிங் மெஷினும் வெந்நீர் ஹீட்டரும் ஓயாது. நாங்கள் முதல் பில்லிலேயே தாண்டிவிட்டோம், அதில் பட்டறையின் பங்கு கொஞ்சம்தான்.

மிஷின் சத்தத்துல கைக்குழந்தைங்க தூங்குமா? காதுக்கு ஏதாச்சும் ஆயிடுமா?

முதலில் உங்கள் காதைப் பாருங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பு என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். ஆங்கிள் கிரைண்டரும் வட்ட ரம்பமும் அந்த வட்டாரத்தில்தான் கத்துகின்றன. காதடைப்பான் இல்லாமல் தொடாதீர்கள்.

குழந்தைகளுக்கு வேறு அளவுகோல். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் பச்சிளம் குழந்தைகளைச் சுற்றி 45 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்கள் வைத்திருக்கும் பரிந்துரை. நம் நாட்டு ஒலி மாசு விதிகளிலும் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45, பகலில் 55. போனில் இருக்கும் ஆப்பை வைத்து அளந்தேன், துல்லியமான கருவி இல்லை, ஒரு குத்துமதிப்புதான். டேபிள் சா ஓடும்போது என் பக்கத்தில் 98. ஷட்டரை மூடினால் குழந்தைகள் அறை ஜன்னலுக்கு வெளியே 58. ஜன்னலையும் மூடினால் ஃபேன் சத்தமும் அதுவும் ஒன்றாகிவிடும்.

ஆக, காது போகும் அளவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் தூக்கம் போகும். இரட்டையரிடம் இது தனிக் கொடுமை. ஒருத்தி தூங்கும்போது ஒருவன் விழித்திருப்பான், இரண்டு பேரும் ஒன்றாகத் தூங்கும் அந்த நாற்பது நிமிடத்தில் நீங்கள் ரௌட்டரை (மரத்தில் பள்ளம் கடையும் மிஷின்) போட்டால் வீட்டில் உங்களுக்குச் சோறு கிடைக்காது.

மரத்தூள் வெறும் தூசிதானே? ஆசாரிமாரு அதுக்குள்ளயே இருக்காங்களே?

மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலிலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை), பிளைவுட் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடும் அதே பட்டியலில். கண்ணுக்குத் தெரிகிற தூள் கீழே விழுந்துவிடும். தெரியாத தூள்தான் மணிக்கணக்கில் மிதந்து நுரையீரலுக்குள் போகும். மலிவான தூசி உறிஞ்சியின் துணிப்பை பெரிய தூளைப் பிடித்துக்கொண்டு நுண்தூளை மறுபடியும் அறைக்குள்ளேயே ஊதும். அந்தப் பையைக் கட்டடத்துக்கு வெளியே வைத்தேன். என்95 மாஸ்க் கட்டாயம்.

குழந்தைக்கு ஆபத்து உங்கள் சட்டை வழியாக வருகிறது. ஒரு நாள் எம்டிஎஃப் அறுத்துவிட்டு அப்படியே உள்ளே போய்ச் சின்னவனைத் தூக்கினேன். தோளில் சாய்த்த நிமிடமே வரிசையாக ஏழெட்டுத் தும்மல். அவன் மொட்டைத் தலையில் மாவு பூசிய மாதிரி தூள். என் மனைவி ஒன்றும் பேசவில்லை, பிள்ளையை வாங்கிக்கொண்டு வாசலைக் காட்டினாள். அன்றிலிருந்து பட்டறை பக்கத்திலேயே ஒரு குழாய், ஒரு கொடி, ஒரு மாற்று வேட்டி. துக்க வீட்டுக்குப் போய் வந்தால் எப்படி வெளியிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு வருவோமோ, அதே ஏற்பாடு.

பழைய வீட்டுக் கதவு, ஜன்னல் தேக்கு சல்லிசாக் கிடைக்குது. அதை வாங்கி இழைச்சுக்கலாமா?

காரைக்குடிப் பக்கம் போனால் எனக்கும் கை அரிக்கும். நல்ல மரம், சந்தேகமில்லை. ஆனால் அதன் மேல் இருக்கும் பழைய பெயிண்டைக் கவனியுங்கள். நம் நாட்டில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில், அதிலும் மஞ்சள், பச்சை, சிவப்பு எனாமலில், ஈயம் தாராளமாக இருக்கலாம். அதைச் சாண்டர் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் பறக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு இத்தனை ஈயம் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. கர்ப்பிணிக்கும் ஆகாது.

பெயிண்ட் அடித்த மரத்தை நான் வாங்குவதே இல்லை. எண்ணெய் மட்டும் பூசிய மரம் என்றால் வாங்குவேன், ஆணி பிடுங்கிவிட்டு.

வார்னிஷ், தின்னர் எல்லாம் எங்க வெக்கறது?

பூட்டுப் போட்ட இரும்பு அலமாரியில், அது வந்த டப்பாவிலேயே. தின்னரையோ மண்ணெண்ணெயையோ குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். குழந்தைகள் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருவது பெரும்பாலும் அப்படித்தான். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். நேராகத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது தானாகச் சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். கதை இல்லை, நிஜம். விரித்து வெளியே காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமுக்குங்கள். அந்த வாளியை அன்றைக்கே கவிழ்த்துவிடுங்கள். ஏன் என்று பின்னால், தவழும் கேள்வியில் சொல்கிறேன்.

குறைமாசத்துலயே பொறந்துட்டா பட்டறை என்னாகறது?

எங்களுக்கு 35வது வாரத்தில் பிறந்தார்கள். பெரியவள் 2.1 கிலோ, மூன்று நிமிடம் கழித்து வந்த சின்னவன் 1.9. இருவரும் ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில். ஆனி மாதக் காற்று ஊரையே தூக்கிக்கொண்டிருந்தது. அந்த ஒன்பது நாளில் பட்டறையைப் பற்றி நான் ஒரு முறைதான் நினைத்தேன், அதுவும் லாரிக்காரர் போன் செய்ததால். டேபிள் சா வந்துவிட்டது, எங்கே இறக்குவது என்று கேட்டார். நண்பன் ஒருவன் போய்க் கையெழுத்துப் போட்டு இறக்கினான். இரண்டு மாதம் அது தார்ப்பாய்க்குள் மரப்பெட்டியிலேயே உட்கார்ந்திருந்தது. ஷட்டர் மாட்டியிருந்ததால் கவலை இல்லை. முதல் கேள்வியில் சொன்ன நிறுத்தம் என்பது இதற்குத்தான்.

ஆஸ்பத்திரியில் எனக்கும் வேலை இருந்தது. எடை குறைந்த குழந்தையை அம்மாவின் வெறும் மார்போடு ஒட்டி வைக்கும் கங்காரு பராமரிப்பை அப்பாவும் செய்யலாம். இரட்டையர் என்றால் செய்தே ஆக வேண்டும், அம்மாவுக்கு இருப்பது ஒரு மார்புதானே. சட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு மணி நேரம் அசையாமல் சாய்ந்திருந்தேன். நெஞ்சில் ஓர் அணில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது எங்கள் வழக்கம். பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை வசதி பக்கத்தில் வேண்டும் என்பதால் அத்தைதான் (மனைவியின் அம்மா) எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார். நீங்களும் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

லீவு எவ்வளவு கிடைக்கும்?

மனைவி வேலைக்குப் போகிறவர் என்றால் சட்டப்படி 26 வாரம், அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். இரட்டை என்பதற்காக அது 52 ஆகாது, எல்லோரும் கேட்கிறார்கள். அப்பாவுக்கு, மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியார் கம்பெனி என்றால் முதலாளியின் மனசு. பிறப்புப் பதிவு 21 நாளுக்குள், இரண்டு பேருக்கும் தனித்தனியாக. பெயர் முடிவாகவில்லை என்றால் பெயரில்லாமலே பதிந்து, பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

தொட்டிலை நானே செஞ்சறலாமா? ரெண்டு பேருக்கும் ஒண்ணு போதுமா?

செய்யலாம், ஆனால் பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். பூச்சு முழுக்கக் காய வேண்டும். நான் வேங்கையில் செய்து அரக்கு மெருகு போட்டேன், வாய் வைத்தாலும் பயமில்லை. கம்பிக்குக் கம்பி இடைவெளி 6 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். அழகுக்காகக் கம்பிகளை அகலமாக வைத்த முதல் தொட்டிலை நானே பிரித்துவிட்டேன்.

இரண்டு பேர், இரண்டு தொட்டில். ஒன்றாகப் படுக்கவைத்தால் ஒருவர் கை இன்னொருவர் மூக்கில். மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், படுக்கை தட்டையாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும், இலவம்பஞ்சுத் தலையணை கூடாது. சேலைத் தூளி பற்றி வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. தூளியில் சின்னக் குழந்தையின் கழுத்து மடிந்து தாடை நெஞ்சில் முட்டும், குறைமாதக் குழந்தைக்கு மூச்சு தடைபடலாம். எடை ஏறுகிற வரை தூளி வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அத்தை அரை மனதோடு சேலையை மடித்து வைத்தார்.

ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. பகல்ல கொஞ்ச நேரம் கிடைச்சா மிஷின்ல வேலை செய்யலாமா?

வேண்டாம். பச்சிளம் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். இரண்டு பேர் என்றால் 16 முதல் 24. அதில் தூக்கம் எங்கே? தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கைகால் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போல இருக்கும் என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டவே எல்லை 0.03. குடித்துவிட்டு டேபிள் சா போடுவீர்களா?

மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் 62 சென்டிமீட்டர் என்று பென்சிலால் எழுதிவைத்துவிட்டு 26இல் அறுத்தேன். சரி என்று அடுத்த பலகையை எடுத்து அதையும் 26இல் அறுத்தேன். பலகை போனால் போகட்டும், பிளேடு மூடியைக் கழற்றி வைத்தது ஞாபகம் இல்லாமல் சுவிட்ச் போட்டிருக்கிறேன் என்று பிறகுதான் கவனித்தேன். மெயினை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது எனக்கு ஒரு விதி: விட்டு விட்டு இல்லாமல் ஐந்து மணி நேரம் தூங்கியிருந்தால்தான் மிஷின். இல்லாவிட்டால் கைவேலை அறையில் ஸ்க்ரூ பிரிப்பது, உளி தீட்டுவது. அதுவும் வேலைதான்.

இவரு பட்டறைக்குள்ள போனா கூப்பிட்டாலும் காது கேக்கறதில்லைங்க. நான் ரெண்டையும் வெச்சுக்கிட்டு என்ன பண்ணட்டும்?

இதைக் கேட்டது ஒரு நண்பரின் மனைவி. கேள்வி நியாயமானது. காதடைப்பான் போட்டவனுக்குப் போன் மணி கேட்காது, வைப்ரேஷனும் தெரியாது. எங்கள் வீட்டில் சமையலறைச் சுவரில் ஒரு தனி சுவிட்ச் வைத்து, அதிலிருந்து வயர் இழுத்து, டேபிள் சாவுக்கு நேர் எதிரே கண்மட்டத்தில் சிவப்பு பல்பு மாட்டினேன். பல்பு எரிந்தால் மோட்டாரை அணைத்து, பிளேடு நிற்கும் வரை பொறுத்து, உடனே வர வேண்டும். “இந்த ஒரு பலகை மட்டும்” என்பது கிடையாது. அவருக்கும் ஒன்று மாட்டச் சொல்லுங்கள், அரை நாள் வேலை. மாட்ட மாட்டேன் என்றால் பிரச்சினை பல்பில் இல்லை.

பணத்தை எப்படிப் பிரிச்சு வெக்கறது?

பட்டறைக்கு ஒதுக்கியதில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள், ஆஸ்பத்திரிக்கு. தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லாமே இரண்டு பில். காப்பீட்டில் மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் உண்டா, பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தா 90 நாளுக்குப் பிறகா என்று பாலிசியில் படித்துப் பாருங்கள். நான் படிக்கவில்லை. அதனால்தான் பிளானர் (பலகையை இழைத்துச் சமன்செய்யும் மிஷின்) வாங்குவது ஒரு வருடம் தள்ளிப்போனது.

தவழ ஆரம்பிச்சா பட்டறைல என்னென்ன மாத்தணும்?

தவழ்வது பொதுவாக 6 முதல் 10 மாதத்துக்குள். குறைமாதக் குழந்தைக்கு இதை நிஜமான பிறந்தநாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். மெயின் சுவிட்சுக்குப் பூட்டு, சாவி உங்கள் இடுப்பில். அரையடித் தண்ணீரிலும் குழந்தை மூழ்கும், அதனால் வாளி, பேசின் எதிலும் தண்ணீர் நிற்கக் கூடாது.

பலருக்கும் தோன்றாத ஒன்று, டிஜிட்டல் வெர்னியர் காலிபர் (தடிமனை நுணுக்கமாக அளக்கும் கருவி). அதன் பேட்டரி மூடி லேசாகத் தள்ளினாலே கழன்றுவிடும், உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் பளபளவென்று ஒரு பட்டன் பேட்டரி. அது உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். மூடி மேல் டேப் ஒட்டினேன், பிறகு யோசித்துவிட்டு, பழைய முள் வைத்த காலிபருக்கே திரும்பிவிட்டேன். சின்னக் காந்தங்களும் அப்படித்தான், இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்.

இப்ப பட்டறை முழுசா முடிஞ்சுதுங்களா?

எங்கே. வடக்குச் சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. தூசிக் குழாய் இரண்டு மிஷினுக்குத்தான் போகிறது. பிளானர் போன மாதம்தான் வந்தது. பிள்ளைகளுக்கு ஒன்றரை வயது. மெயின் பூட்டியிருக்கும்போது, கைவேலை அறைக்குள் மட்டும், பத்து நிமிடம் வர அனுமதி.

போன ஞாயிற்றுக்கிழமை தேக்குச் சட்டம் ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தேன். நீளச் சுருள் ஒன்று கீழே விழுந்தது. பெரியவள் எடுத்துக் காதோரம் ஜிமிக்கி மாதிரி பிடித்துக்கொண்டு சிரித்தாள். சின்னவன் அதைப் பிடுங்கி வாயில் வைக்கப் போனான். நான் பிடுங்கினேன். இரண்டு பேரும் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் சிவப்பு பல்பு எரிந்தது.